பெயர் மறந்த கோபுரம்

ஆண்டவர் நமக்குக் கற்பித்த செபத்தின் முதல் வேண்டுதல் ஒரு பெயரைப் பற்றியது. அன்றாட உணவையும் பாவ மன்னிப்பையும் கேட்பதற்கு முன்பே, தந்தையின் பெயர் போற்றப்பெற வேண்டும் என்று கேட்கிறோம். விவிலியத்தைப் புரட்டினால், பெயருக்கு அங்கே எத்துணை மதிப்பு உண்டு என்பது விளங்கும். ஆபிராம் ஆபிரகாம் ஆகிறார். யாக்கோபு இஸ்ரயேல் ஆகிறார். சீமோன் பேதுரு ஆகிறார். பெயரைத் தாங்குபவரின் வரலாறும் அவருக்கு வந்த அழைப்பும் அந்தச் சில எழுத்துகளுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அப்படியானால், ஒரு பெயரை மறக்கும்போது நாம் எதை இழக்கிறோம்? நாகப்பட்டினத்தில் முற்காலத்தில் விளங்கிய புத்த மடம் ஒன்றின் வரலாறு இக்கேள்விக்கு விடை தருகிறது.

கொங்கு நாட்டு இறைமக்களுக்கு நாகப்பட்டினம் அறியாத ஊர் அன்று. ஆகஸ்டு மாத இறுதி நெருங்கினால் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் திருப்பயணிகள் காவியுடை அணிந்து வேளாங்கண்ணி நோக்கிப் புறப்படுகின்றனர். ஆரோக்கிய அன்னையின் திருத்தலம் நாகைக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நாகூர் தர்காவை நாம் அறிவோம். நாகைக் காயாரோகணர் கோயிலைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் அதே ஊரில் பல நூற்றாண்டுகள் கடல் கடந்து வந்த துறவியர்க்கு இல்லமாக இருந்த சூடாமணி விஹாரத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்களுக்குப் பெயர் நினைவிருக்கலாம். பலர் அதைக் கதாசிரியரின் கற்பனை என்றே கருதியிருப்பர். அது கற்பனையன்று, கல்கி அதைச் சில பத்தாண்டுகள் முன்னுக்கு நகர்த்தி வைத்தார், அவ்வளவே. அதன் இறுதி எச்சம் மறைந்த வரலாற்றில் நம் திருச்சபையினர்க்கும் பங்கு உண்டு என்பதால், அதை அறிந்துகொள்ளும் கடமையும் நமக்கு உண்டு.

பள்ளி என்னும் சொல்

சோழர் செப்பேடுகள் இந்த மடத்தைப் 'பெரும்பள்ளி' என்றும் குறிப்பிடுகின்றன. 'பள்ளி' என்றால் படுத்துறங்கும் இடம். வீடு துறந்து அலைந்த சமணரும் புத்தரும் மழைக்காலத்தில் ஒதுங்கிய குகையும், அங்கே கல்லில் செதுக்கிக் கொண்ட படுக்கையும் பள்ளி எனப்பட்டன. ஈரோட்டுக்கு அருகே அறச்சலூர்க் குன்றில் அத்தகைய குகையும், இசை அசைகளைப் பொறித்த தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. பெருந்துறைக்கு அருகே விசயமங்கலத்தில் சமணர் கோயில் நிற்கிறது. ஆகவே பள்ளிகள் கொங்கு மண்ணுக்கு அயலானவை அல்ல.

துறவியர் உறங்கிய இடத்திலேயே ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்தனர். எனவே கல்வி நிலையம் பள்ளிக்கூடம் ஆயிற்று. அவர்களுக்கு வரி நீக்கி விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் ஆயிற்று. இசுலாமியச் சகோதரர்கள் தொழும் இடத்தைப் பள்ளிவாசல் என்கிறோம். வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டுக்குள் நுழைந்தாலோ, ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படும் மலையாளக் கத்தோலிக்கர் தாம் 'பள்ளிக்கு'ப் போவதாகவே சொல்கின்றனர். புத்தர், சமணர், இசுலாமியர், கிறிஸ்தவர் ஆகிய அனைவரும் இந்த ஒரு சொல்லின் கூரைக்கீழ் தங்கியிருக்கின்றனர். 'விஹாரம்' என்னும் சொல்லுக்கும் உறைவிடம் என்பதே பொருள். நாகையில் எழுந்தது பெரியதோர் உறைவிடம். அதற்குச் சூட்டப்பட்ட பெயர்தான் சூடாமணி.

இரண்டு தந்தையர், இரண்டு மைந்தர்

இன்றைய இந்தோனேசியாவின் சுமத்ராவையும் மலேசியாவின் கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய அரசர்கள் சைலேந்திர குலத்தினர், புத்த நெறியினர். சீனத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே சென்ற மரக்கலங்கள் அவர்களுடைய கடலைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. தம் வணிகரும் துறவியரும் வந்திறங்கும் நாகப்பட்டினத்தில், அவ்வரசருள் ஒருவரான சூளாமணிவர்மர் ஒரு விஹாரம் எழுப்பத் தொடங்கினார். சூளாமணி, சூடாமணி இரண்டும் ஒரே சொல்லின் வடிவங்கள். பணியை முடித்தவர் அவருடைய மைந்தர் மாறவிஜயோத்துங்கவர்மர். முடித்தவர் தம் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. தந்தையின் பெயரையே நிலைநிறுத்தினார்.

அப்போது சோழ நாட்டை ஆண்டவர் முதலாம் இராசராசர். தஞ்சையில் சிவனுக்குப் பெரிய கோயில் எடுத்த அவரே, தம் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 1005-06இல், ஆனைமங்கலம் என்னும் ஊரைப் புத்த விஹாரத்துக்குப் பள்ளிச்சந்தமாக வழங்கினார். அது ஏறத்தாழ 97 வேலி நிலம். ஆண்டுக்கு எண்ணாயிரத்துத் தொள்ளாயிரம் கலத்தளவு நெல் அதிலிருந்து விஹாரத்தைச் சேர்ந்தது. பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு நிலத்தை வரையறுத்தனர். கொடையைச் செப்பேட்டில் பொறிக்குமுன் இராசராசர் மறைந்தார். அவர் மைந்தர் இராசேந்திரர் தந்தையின் சொல்லை நிலைபெறச் செய்தார். 21 ஏடுகள் கொண்ட ஆனைமங்கலச் செப்பேடு பிறந்த வரலாறு இதுவே. வடமொழியில் ஐந்து ஏடுகளும் தமிழில் பதினாறு ஏடுகளும் அதில் உள்ளன. கடல் கடந்து நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததால் 'லெய்டன் செப்பேடு' என்றும் அதனை அழைப்பர்.

ஒரு தந்தை தொடங்கியதை மைந்தர் கட்டி முடித்தார். இன்னொரு தந்தை சொன்னதை மைந்தர் எழுதி முடித்தார். இருவரும் வெவ்வேறு நாட்டினர், வெவ்வேறு சமயத்தினர். தந்தையின் பெயரைக் காப்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். இன்னொரு பொருத்தமும் இங்கே உண்டு. ஆனைமங்கலம் அமைந்த வளநாட்டின் பெயர் சத்திரிய சிகாமணி வளநாடு. அது இராசராசரின் சிறப்புப் பெயரால் அமைந்தது. சிகாமணி என்றாலும் சூடாமணி என்றாலும் தலையில் சூடும் மணி என்பதே பொருள். ஒரு சிகாமணியின் நாட்டில் ஒரு சூடாமணியின் மடம் எழுந்தது. ஒரு தலைக்கு இரண்டு மணிகளா என்று எவரும் சண்டையிடவில்லை.

கழற்றி வைத்த மணி

சூடாமணி தமிழர்க்கு நன்கு பழகிய சொல். அசோக வனத்தில் சிறையிருந்த சீதை, தன் அடையாளமாக அனுமன் கையில் கொடுத்து அனுப்பியது சூடாமணி. தோலாமொழித் தேவர் என்னும் சமணர் இயற்றிய காப்பியம் 'சூளாமணி'. மண்டல புருடர் இயற்றிய நிகண்டும் சூடாமணி என்னும் பெயருடையது. நம் வீட்டுப் பெண் மக்களுக்கும் இப்பெயர் இடப்பட்டதுண்டு.

புத்த மரபில் இச்சொல்லுக்கு ஆழ்ந்த பொருள் ஒன்று உண்டு. சித்தார்த்தர் அரண்மனையை விட்டு நள்ளிரவில் வெளியேறி, அனோமை ஆற்றைக் கடந்ததும், தம் வாளாலேயே தம் குடுமியை அறுத்தார். தலைமணியோடு அதை வானில் எறிந்தார். அதை இந்திரன் ஏந்தித் தன் உலகில் ஒரு சேதியத்துள் வைத்து வழிபட்டான் என்றும், அதன் பெயர் சூளாமணிச் சேதியம் என்றும் பாலி நூல்கள் உரைக்கின்றன. அரசன் தலையில் அணிந்திருக்கும் வரை அது ஓர் அணிகலன். அவன் அதைக் கழற்றி எறிந்தபின்தான் அது வணக்கத்துக்குரியதாகிறது. நாகை விஹாரத்தின் பெயர் ஓர் அரசருடையதே. எனினும் அதனுள் வாழ்ந்தவர்கள் முடியும் மணியும் வேண்டாம் என்று தலையை மழித்துக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் அப்பெயரைச் சொல்லும்போதெல்லாம், கழற்றி வைக்கப்பட்ட மணியும் அவர்கள் நினைவுக்கு வந்திருக்கும் என்று நாம் கொள்வதில் தவறில்லை.

நாகையில் கிடைத்த புத்தர் படிமங்கள் பலவற்றில் தலையுச்சியில் தீச்சுடர் ஒன்று எழுகிறது. மணி இருந்த இடத்தில் ஒளி இருக்கிறது. இதைக் காணும் கிறிஸ்தவ மனம் புனித பவுல் பிலிப்பியர்க்கு எழுதிய திருமடலை எண்ணாமல் இராது. கடவுள் வடிவில் இருந்த கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றார் என்றும், அதனாலேயே எப்பெயருக்கும் மேலான பெயர் அவருக்கு அருளப்பட்டது என்றும் அங்கே வாசிக்கிறோம். இரண்டு சமயங்களின் போதனையும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தாழ்ந்தவனுக்கே பெயர் நிலைக்கும் என்னும் உண்மையின் சாயலை அயலார் வீட்டிலும் காணும்போது மகிழ்வதற்கு நமக்கு உரிமை உண்டு.

விருந்தும் போரும் கடந்து

விருந்தோம்பல் ஒருவழியாக நின்றுவிடவில்லை. புத்த நெறியினரான கடாரத்தரசரின் சார்பில் வந்தவர்கள் நாகைக் காயாரோகணரான சிவபெருமானுக்குச் சீனப் பொன்னும் பிறவும் கொடையளித்ததை அக்கோயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன. பின்னர் 1025ஆம் ஆண்டளவில் இராசேந்திரரின் கடற்படை அதே கடாரத்தின்மேல் பாய்ந்தது. தந்தையின் கொடையைச் செப்பேட்டில் எழுதுவித்த கையே போர்வாளையும் எடுத்தது. எனினும் விஹாரம் அழியவில்லை. 1090இல் முதலாம் குலோத்துங்கர், கடாரத்திலிருந்து வந்த தூதர் இருவரின் வேண்டுகோளை ஏற்று, அதன் பள்ளிச்சந்த ஊர்களுக்கு உரிய உரிமைகளை உறுதி செய்தார். சிறிய லெய்டன் செப்பேடு இதனைக் கூறுகிறது. அதில் சூடாமணி விஹாரம் 'இராசராசப் பெரும்பள்ளி' என்று வழங்கப்படுகிறது; 'இராசேந்திர சோழப் பெரும்பள்ளி' என்ற பெயரும் காணப்படுகிறது. புத்த மடத்துக்குச் சிவபக்தரான சோழரின் பெயர்! நாகையில் வார்க்கப்பட்ட ஒரு புத்தர் படிமத்தின் பீடத்திலோ, புத்தர் 'ஆழ்வார்' என்றே குறிக்கப்படுகிறார்.

இறுதியாகக் கிடைக்கும் காட்சி ஒன்று நெஞ்சை நெகிழ்விக்கிறது. 1476ஆம் ஆண்டையொட்டிய பர்மாவின் கல்யாணிக் கல்வெட்டுகள், இலங்கைக்குச் சென்று திரும்பும் வழியில் கப்பல் உடைந்து கரையேறிய துறவியர் சிலர் நாகப்பட்டினத்தை அடைந்ததைச் சொல்கின்றன. பதரிகாராமம் என்னும் மடம் இருந்த இடத்தைக் கண்டு, ஒரு குகையிலிருந்த புத்தர் திருவுருவை அவர்கள் வணங்கினார்களாம். பதரி என்றால் இலந்தை. ஆராமம் என்றால் சோலை. எளிய இலந்தைச் சோலையும் அரசர் தலைமணியும் அந்த ஊரில் அடுத்தடுத்து விளங்கின. ஆனால் அத்துறவியர் கண்டது மடம் 'இருந்த இடம்'. விளக்கு அணையத் தொடங்கிவிட்டது.

பெயர் போனபின்

அதன்பின் நாகையைப் போர்த்துகீசியர் ஆண்டனர், டச்சுக்காரர் ஆண்டனர், ஆங்கிலேயர் ஆண்டனர். நகருக்கு வடக்கே பாழடைந்த செங்கற்கோபுரம் ஒன்று மட்டும் கடலைப் பார்த்து நின்றது. கப்பலோட்டிகளுக்கு அது கரையின் அடையாளம். ஐரோப்பியர் அதைச் சீனக் கோபுரம் என்றனர். கறுப்புக் கோபுரம் என்றனர். சமணர் கோபுரம் என்றும் சிலர் கூறினர். ஊர் மக்கள் புதுவெளிக் கோபுரம் என்றனர். சூடாமணி என்று சொல்ல ஒருவரும் இல்லை. 1846இல் அதனைப் பார்த்த சர் வால்டர் எலியட் என்ற ஆங்கில அதிகாரி, மூன்று நிலைகளோடும் கூரையின்றியும் அது நின்றதாக எழுதினார். அது சூடாமணி விஹாரத்தின் எச்சமே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

கோபுரத்தைச் சூழ்ந்த நிலத்தில் சேசு சபைக் குருக்கள் தங்கிக் கல்விப் பணி ஆற்றி வந்தனர். 1844இல் நாகையில் அவர்கள் தொடங்கியதே தூய வளனார் கல்லூரி. 1883இல் திருச்சிக்கு இடம் பெயர்ந்து, இன்று வரை கொங்கு நாட்டு இளைஞர்க்கும் கல்விக் கண் திறந்துவரும் அதே கல்லூரிதான் அது. 1856இல் அவர்களுடைய வளாகத்தில் பழைய இலுப்பை மரம் ஒன்றை வெட்டியபோது, வேரடியில் ஐந்து புத்தர் படிமங்கள் கிடைத்தன. ஏதோ ஓர் இடர்க்காலத்தில், மீண்டும் எடுக்கலாம் என்ற நம்பிக்கையோடு யாரோ புதைத்து வைத்தவை அவை. 1856 முதல் 1930கள் வரை நாகையில் கிடைத்த புத்தப் படிமங்கள் முந்நூற்றைம்பது அளவின. அவற்றுள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன.

1867இல், சிதைந்து நின்ற கோபுரத்தை இடிக்க அக்குருக்கள் அரசிடம் அனுமதி வேண்டினர். ஆகஸ்டு மாதம் அனுமதி கிடைத்தது. கோபுரம் இடிக்கப்பட்டது.

இதனை எவ்வாறு மதிப்பிடுவது? அவர்கள் வெறுப்பினால் செய்தார்கள் என்று கூற நமக்குச் சான்று இல்லை. அங்கே விளக்கேற்றுவார் எவரும் இல்லை. கோபுரம் விழும் நிலையில் இருந்தது என்றனர். அனுமதி கொடுத்ததும் அரசே. அந்தச் செங்கற்கள் யாருடைய நினைவைத் தாங்கின என்பதை விளக்கும் லெய்டன் செப்பேட்டின் முழுமையான ஆய்வுப் பதிப்பு 1930களில்தான் வெளிவந்தது. இவையெல்லாம் உண்மையே. ஆயினும், அன்று அகற்றப்பட்டது ஒரு மைந்தர் தம் தந்தைக்கு எடுத்த நினைவின் கடைசிச் சுவடாக இருக்கலாம் என்ற எண்ணம் நம்மைச் சுடத்தான் செய்கிறது. பெயர் தெரிந்திருந்தால் கை தயங்கியிருக்கும். சூடாமணி விஹாரம் என்று ஊரார் அழைத்திருந்தால், அதை இடிக்க மனு எழுதுவதே கடினமாகியிருக்கும். 'பழைய கோபுரம்' என்று அழைக்கப்பட்டதாலேயே அதை அகற்றுவது எளிதாயிற்று. முதலில் பெயர் இடிந்தது. கோபுரம் பிறகுதான் இடிந்தது.

நம் பக்கத்துச் சேலத்தில் இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி உண்டு. பெரியேரியில் 'தலைவெட்டி முனியப்பன்' என்று மக்கள் வழிபட்டு வந்த கற்சிலை புத்தருடையதே என்று, தொல்லியல் வல்லுநரின் ஆய்வை ஏற்று, 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே பெயர் மாறியது. ஆனால் ஏதோ ஒரு பெயரால் மக்கள் தொடர்ந்து அழைத்து, பொங்கலிட்டு வணங்கியதால் சிலை எஞ்சியது. அழைக்கப்படுவது வாழ்கிறது, அழைக்கப்படாதது வெறும் கல்லாகிறது.

நாம் செய்யக்கூடியது

1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிறிஸ்தவமல்லாத சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், புத்த நெறியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அச்சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் இருப்பவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்றும் கற்பித்தது. 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருச்சபையின் மக்கள் பிற பண்பாடுகளுக்கும் சமயங்களுக்கும் உரிய மதிப்பைத் தராது போன குறைகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். திருச்சபையின் தலைவரே முழந்தாளிட்ட இடத்தில் நாம் நிமிர்ந்து நின்று வாதாட வேண்டியதில்லை. 1867இன் மனிதர்கள்மீது இன்று கல்லெறிய வேண்டியதும் இல்லை. அவர்களிடம் இல்லாத அறிவு நம்மிடம் இருக்கிறது. ஆகவே நம் பொறுப்பு அவர்களுடையதினும் பெரிது.

இடிந்த கோபுரத்தை நம்மால் எழுப்ப இயலாது. பெயரை எழுப்ப இயலும். நம் பங்குகளிலிருந்து வேளாங்கண்ணிக்குச் செல்லும் பேருந்துகளில் செபமாலை சொல்கிறோம்; பாடல்கள் பாடுகிறோம். நாகப்பட்டினத்தைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்களில், இங்கே சூடாமணி விஹாரம் என்றொரு பெரும்பள்ளி இருந்தது என்றும், சிவநெறிச் சோழர் அதற்கு நிலம் அளித்தார் என்றும், கடல் கடந்த அரசர் ஒருவர் தம் தந்தையின் பெயரை அங்கே விட்டுச் சென்றார் என்றும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மறைக்கல்வி ஆசிரியர்கள் சென்னைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாகைப் படிமங்களையும் காட்டலாம். நம் ஊர்களில் பெயர் தெரியாமல் நிற்கும் நடுகல்லையும் குகையையும் பாழடைந்த சமணக் கோயிலையும் பற்றி, இது யாருடையது, அவர்கள் இதை என்னவென்று அழைத்தார்கள் என்று ஊர் முதியவர்களிடம் கேட்கலாம்.

நம் ஆலயங்களின் பெயர்களை அயலார் மதிப்போடு சொல்ல வேண்டும் என்று நாம் விரும்புகிறோம். வேளாங்கண்ணியின் பெயரைச் சமய வேறுபாடின்றி இலட்சக்கணக்கானோர் அன்போடு சொல்லக் கேட்டு நாம் மகிழ்கிறோம். பிறர் நமக்குச் செய்ய வேண்டும் என்று விரும்புவதை நாமும் அவர்களுக்குச் செய்ய வேண்டும் என்பது ஆண்டவரின் கட்டளை. அதன்படி, நம் அயலார் தந்தையின் பெயரால் எழுப்பிய ஓர் இல்லத்தின் பெயரைப் பிழையின்றிச் சொல்லக் கற்றுக்கொள்வது, 'உமது பெயர்' என்று நாள்தோறும் செபிக்கும் நாவுக்குப் பெரிய சுமையாகி விடாது.